கமான் டாக்கீஸில் உன் பெயர்

தயாளா,

வியாழக்கிழமை மத்தியானம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். இன்றோடு இரண்டு நாள் ஆகிறது. "அப்பா, இந்தப் பழைய டாக்கீஸ் ஆபரேட்டர் ரூம்ல ஒரு கண்ணாடி ஸ்லைடு இருக்கு. அதுல தமிழ்ல என் பேரு எழுதியிருக்கு. அச்சு அசல் உங்க ஹேண்ட்ரைட்டிங். நீங்க எழுதினதா? இல்ல இங்க எவனாவது பிராங்க் பண்றானா?" என்று கேட்டாய். "எனக்கென்னப்பா தெரியும், எவனாவது எழுதியிருப்பான்" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, உன் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ஆட்கள் தெலுங்கில் கத்துவது கேட்டது. "ஒக்க நிமிஷம்" என்று யாரிடமோ சொல்லி நீ போனை வைத்தாய். திரும்ப நீ கூப்பிடும்வரை நான் ஹாலில் நின்ற இடத்திலேயே நின்றேன். உட்காரக்கூடத் தோன்றவில்லை.

பால்கனியின் கூரை மொத்தமாக விழுந்துவிட்டது என்று சாயங்காலம்தான் சொன்னாய். கட்டடத்தை இடிப்பதற்கு முன்னால் அளந்து பார்த்துச் சான்று கொடுக்க வேண்டிய இன்ஜினியர் நீ. ஆபரேட்டர் கேபினை முடித்துவிட்டு அடுத்து நீ அளக்க வேண்டிய இடம் அந்தப் பால்கனியின் நடுவரிசை. கேபினுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை என்று எனக்குப் போன் பண்ண வாசலுக்கு வந்தாய், அதனால் பிழைத்தாய். உன் சைட் ஆட்கள் "லக்கி சார்" என்று கை கொடுத்தார்களாம். நித்யா மிளகாய் சுற்றிப் போட்டாளாம். நீயோ சிரித்துக்கொண்டே, "திங்கட்கிழமை இன்னொரு வாட்டி மேல போய் அந்த ஸ்லைடை எடுத்துட்டு வந்துடறேன்பா. ஃபிரேம் போட்டு வீட்ல மாட்டலாம்" என்றாய். அந்தச் சிரிப்புதான் என்னை இங்கே உட்கார்த்தி எழுத வைக்கிறது. திங்கட்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

உனக்குத் தமிழ் படிக்க வராது. அது என் தப்பு. பெயரின் நாலு எழுத்தை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். அதனால் இதை நித்யாதான் உனக்குப் படித்துக்காட்ட வேண்டும். அம்மா நித்யா, மருமகளே, நீ திருநெல்வேலிக்காரி, நிறுத்தி நிதானமாகப் படிப்பாய். ஏழு மாத வயிற்றோடு இருப்பவளிடம் இதையெல்லாம் படிக்கச் சொல்லக்கூடாதுதான். ஆனால் உன்னை விட்டால் எனக்கு வேறு வாய் இல்லை. நடுவில் பயந்து நிறுத்திவிடாதே. கடைசி வரைக்கும் படி.

நான் ஏதோ ஒரு டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தேன் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த டாக்கீஸ் இதுதான். கம்பெனி உனக்கு இந்த வேலையைக் கொடுத்தது என்று நீ சொன்ன அன்றே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வாசலில் கல்லால் கட்டிய பெரிய வளைவு இருக்கிறதே, அதை வைத்துத்தான் கமான் டாக்கீஸ் என்று பெயர். உண்மையான பெயர் வேறு, அதைச் சொன்னால் செகந்திராபாத்தில் ஆட்டோக்காரனுக்குக்கூடத் தெரியாது. நிஜாம் காலத்தில் ஒரு சேட் நாடகம் போடுவதற்காகக் கட்டியது. பம்பாயிலிருந்து நாடகக் கம்பெனிகள் சீன் துணிகளோடு ரயிலில் வந்து இறங்குமாம். மேலே பக்கவாட்டில் மரச் சல்லடை அடித்த ஒரு பகுதி பார்த்திருப்பாய். அது ஜனானா, பர்தாப் பெண்கள் உட்காரும் இடம். அவர்கள் எல்லாரையும் பார்க்கலாம், அவர்களை யாரும் பார்க்க முடியாது. உலகச் சண்டைக் காலத்தில் கன்டோன்மென்ட் வெள்ளைக்கார சிப்பாய்கள் வந்து இங்கிலீஷ் படம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு தெலுங்கு, இந்தி. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி மட்டும் நம்முடையது, தமிழ்ப் படம். மல்காஜ்கிரியிலிருந்து ரயில்வே குடும்பங்கள், மல்லாபூரிலிருந்து ஃபேக்டரி ஆட்கள், இட்லி கட்டி எடுத்துக்கொண்டு பிள்ளைகுட்டியோடு வருவார்கள். நாலு தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, பாதி பேச்சு தெலுங்கும் உருதுவுமாகப் போன ஜனம், அந்த மூன்று மணி நேரம் மட்டும் சுத்தமாகத் தமிழில் விசிலடிக்கும்.

நாடக மேடையை அவர்கள் இடிக்கவே இல்லை. அதற்கு முன்னால் திரையை மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம் அளவு இருட்டு, நடுவில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. சத்தம் வெளியே வருவதற்காகத் திரை முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை போட்டிருக்கும். படம் ஓடும்போது ஸ்பீக்கரைப் பார்க்க நான் இரண்டு மூன்று முறை அங்கே போயிருக்கிறேன். பின்னாலிருந்து பார்த்தால் படம் இடம் வலம் மாறித் தெரியும், எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும். அந்த ஓட்டைகள் வழியாக ஜனங்களின் முகமும் தெரியும். எண்ணூறு முகம், எல்லாம் உன்னையே பார்க்கிற மாதிரி, ஆனால் ஒன்றும் உன்னைப் பார்க்காது. மூன்றாவது முறைக்குப் பிறகு ஸ்பீக்கர் கரகரத்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

இப்போது ஸ்லைடு. மொபைல் இல்லாத காலம். படம் பார்க்க வந்தவனை அவசரமாகக் கூப்பிட வேண்டும் என்றால் ஒரே வழிதான். வாசலில் கேட் பார்க்கும் யூசுப் பாயிடம் சொன்னால் அவர் பெயரைச் சீட்டில் எழுதி மேலே அனுப்புவார். நான் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை மண்ணெண்ணெய் விளக்கின் மேல் காட்டி, கரிப்புகை படிய வைத்து, ஊசியால் அதில் பெயரைக் கீறுவேன். கீறின இடத்தில் மட்டும் வெளிச்சம் புகும். தனியாக ஒரு ஸ்லைடு விளக்கு உண்டு, அதில் செருகினால் ஓடுகிற படத்தின் மேலேயே வெள்ளை எழுத்தில் 'இன்னார் வெளியே வரவும்' என்று விழும். பிரசவ வலி, ஊரிலிருந்து மச்சான் வந்திருக்கிறான், சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான் என்று விதவிதமாகக் கூப்பிட்டிருக்கிறேன். கல்யாணமாகாத சில பையன்கள் எனக்கு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்துத் தங்கள் பெயரையே போடச் சொல்வார்கள். பெயர் விழுந்ததும் தலையைக் கோதிக்கொண்டு, பெண்கள் வரிசைக்கு முன்னால் நடந்து போக வேண்டும், அதற்குத்தான். வேலை முடிந்ததும் கரியைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தால் கண்ணாடி சுத்தம். அடுத்த பெயருக்குத் தயார். கரி அத்தனை லேசு. எறும்பு நடந்தால்கூடக் கோடு விழும்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. பாட்டு ஓடும்போது ஸ்லைடு போடக்கூடாது. ஜனங்கள் திரையை நோக்கிப் பூவும் காசும் எறிகிற நேரத்தில் நடுவே எழுத்து விழுந்தால் நாற்காலியை உடைத்துவிடுவார்கள். முன்பு ஒரு முறை உடைத்திருக்கிறார்கள். "கானே மே ஸ்லைடு நக்கோ" என்று அப்போதைய முதலாளி சேட் முதல் நாளே சொல்லித்தான் என்னை வேலைக்கு வைத்தார்.

உன் அம்மாவை நான் பார்ப்பதற்கு முன்னால், எனக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும்போது நடந்தது. ஞாயிறு காலைக் காட்சி, ஹவுஸ்ஃபுல். அடுத்த மெஷினில் ரீல் மாட்டிவிட்டு நிமிர்ந்தேன், கேபின் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். நடுத்தர வயது. நனைந்த சேலை, அதன் நுனியைக் கையில் பிழிந்து பிடித்தபடி. வெளியில் மழையா என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. "தயாளனைக் கூப்பிடுங்க" என்றாள். சீட்டு இல்லாமல் யாரும் மேலே வருவதில்லை, எனக்குக் கோபம். "கீழே பாய்கிட்ட சொல்லிட்டு வாங்கம்மா" என்றேன். அவள் நகரவில்லை. "தயாளனைக் கூப்பிடுங்க. உடனே வரச் சொல்லுங்க." சரி, சனியன் தொலையட்டும் என்று கண்ணாடியைப் புகையில் காட்டிப் பெயரைக் கீறினேன். "உடனேன்னு எழுதுங்க" என்றாள். கண்ணாடி உள்ளங்கை அளவுதான், மேல் வரியில் பெயர், கீழ் வரியில் 'வெளியே வரவும்', அத்தோடு இடம் முடிந்தது. "வரச் சொன்னா வரப்போறாரு, உடனே எதுக்கும்மா தனியா" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பாட்டு தொடங்கிவிட்டது. கீழே விசில் கூரையைப் பிய்க்கிறது. "ஒரு பாட்டும்மா, நாலு நிமிஷம், முடிஞ்சதும் போட்டுடறேன்" என்றேன். சேட்டின் சட்டத்தைக் காரணம் சொல்லி இத்தனை வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இன்று சொல்கிறேன், அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும். கேபினின் சின்னச் சன்னல் வழியாக முழுசாகப் பார்க்க ஆசைப்பட்டேன், பார்த்தேன். பாட்டு முடிந்து திரும்பினால் அவள் இல்லை. கேபினுக்கு ஏற ஒரே ஒரு இரும்புப் படிக்கட்டுதான், நீயும் ஏறியிருப்பாய். பூனை ஏறினாலும் டங்கு டங்கென்று சத்தம் போடும். அவள் வந்தபோதும் சத்தம் கேட்கவில்லை, போனபோதும் கேட்கவில்லை. பாட்டுச் சத்தத்தில் காதில் விழாமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஸ்லைடைப் போட்டேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை போட்டேன். இடைவேளைக்கு அப்புறமும் ஒரு முறை. 'கூப்பிட்டுவிட்டு அவள் போய்விட்டாள், கூப்பிடப்பட்டவன் கோந்து போட்டு உட்கார்ந்திருக்கிறான், எனக்கென்ன' என்று விட்டுவிட்டேன்.

படம் முடிந்து ஹால் காலியானபோது பால்கனி நடுவரிசையில் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று பெருக்குகிற அம்மா தோளைத் தட்டினாள், சாய்ந்துவிட்டார். சட்டைப் பையில் மல்லாபூர் ஃபேக்டரி ஒன்றின் கேட் பாஸ் இருந்தது. பெயர் தயாளன். மாரடைப்பு என்றார்கள். பக்கத்து சீட்டுக்காரர் மல்காஜ்கிரிக்காரர், அவரைத் தேடிக் கண்டுபிடித்து நானே கேட்டேன். "பாட்டுக்கு நல்லாக் கை தட்டிட்டிருந்தாருங்க. பாட்டு முடிஞ்சப்புறம் தலை சாய்ஞ்சுது. அசந்து தூங்குறார்னு நினைச்சேன்" என்றார். பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தவர். நான் உடனே போட்டிருந்தால் வெளியே வந்திருப்பார். வாசலில், வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்க விழுந்திருப்பார். பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம். பிழைத்திருப்பார் என்று சத்தியம் பண்ண நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த நாலு நிமிஷம் என் கையில் இருந்தது.

உடம்பை வாங்க அவருடைய அண்ணன் வந்தார். "அவர் வீட்டம்மா வந்து கூப்பிட்டாங்களே" என்றேன். அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவனுக்குக் கல்யாணமே ஆகலை. வீட்டுல பொம்பளைங்கன்னு யாரும் கிடையாது. அம்மா இருந்தா, அவளும் போயி ரொம்ப வருஷமாச்சு" என்றார். யூசுப் பாயிடம் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "கோன் ஔரத், மியா? மை கிஸீகு ஊபர் சோடாச் நை" என்றார். எந்தப் பெண், நான் யாரையும் மேலே விடவேயில்லையே என்கிறார். அன்றைக்கு மழையும் இல்லை. அவள் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாராக இருக்கும் என்று நான் நினைப்பதை எழுத எனக்குத் தைரியமில்லை. நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஸ்லைடை நான் அன்றே துடைத்தேன். என் கட்டைவிரலால், ஒரே இழுப்பு. விரலில் ஒட்டின கரியைச் சுவரில் தேய்த்தது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடைவேளையில் இரண்டு பேர் கேபினுக்கு ஏறி வந்தார்கள். "ஏன்யா, செத்துப்போனவனை இன்னும் கூப்பிட்டுட்டிருக்கே? உனக்கு யாரும் சொல்லலையா?" என்று சத்தம் போட்டார்கள். நான் ஸ்லைடு விளக்கைப் பற்ற வைக்கவே இல்லை. தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. சத்தியம் பண்ணினேன். அவர்களில் ஒருவர் மெதுவாக, "ஆனா எழுத்து இடம் வலமாத் திரும்பியிருந்துச்சுப்பா" என்றார். கேபினிலிருந்து போட்டால் நேராக விழும். திரும்பித் தெரிய வேண்டும் என்றால் திரைக்குப் பின்னாலிருந்து, அந்த இருட்டு மேடையிலிருந்து போட வேண்டும். அங்கே விளக்கும் இல்லை, ஆளும் இல்லை. அப்புறம் இரண்டு ஞாயிறு அப்படியே. நான் ஒரு தரமும் பார்க்கவில்லை. ரீல் மாற்றத் திரும்புகிற நேரத்தில்தான் அது விழும். நாலாவது ஞாயிறு நான் வேலைக்குப் போகவில்லை. நாச்சாரத்தில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது, மற்றது உனக்குத் தெரிந்த கதை. டாக்கீஸ் அதற்கப்புறமும் பல வருஷம் ஓடி, நொடித்து, நாற்காலி கோடவுனாகி, பூட்டிக் கிடந்து, இப்போது உன் கைக்கு வந்திருக்கிறது.

கல்யாணமாகி நீ பிறந்தாய். உன் அம்மா கார்த்திக் என்று வைக்க ஆசைப்பட்டாள். நான்தான் பிடிவாதமாக, என் கொள்ளுத்தாத்தா பெயர் தயாளன், அதைத்தான் வைக்க வேண்டும் என்று சொன்னேன். என் கொள்ளுத்தாத்தா பெயர் முனுசாமி. ஸ்கூலில் உன்னை எல்லாரும் 'தயால் தயால்' என்று கூப்பிட, "கைக்குப்பா, ஏன் எனக்கு மட்டும் இந்தக் கிழட்டுப் பேரு?" என்று நீ அழுதிருக்கிறாய். அப்போதும் கொள்ளுத்தாத்தாவையே துணைக்கு இழுத்தேன். ஏன் வைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஒருத்தன் எழுந்து வெளியே வர வேண்டும். எனக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நீ காலனியில் கிரிக்கெட் ஆடும்போது, ஹோம்வொர்க் எழுதும்போது, குளிக்கும்போதுகூட, "தயாளா, வெளியே வா!" என்று கத்துவேன். நீ அடித்துப் பிடித்துக்கொண்டு வருவாய். "ஒண்ணுமில்ல, போ" என்பேன். அப்பாவுக்குக் கிறுக்கு என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பாய். அந்த ஒரு நொடி எனக்கு எத்தனை நிம்மதி என்று உனக்குத் தெரியாது.

ஒரு நாள் நீ விளையாட்டாக பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நான் கூப்பிட்டும் வரவில்லை. நாலைந்து தடவை கூப்பிட்டேன். கண்டுபிடித்ததும் உன் கன்னத்தில் அறைந்தேன், விரல் பதிகிற அளவுக்கு. உன் வாழ்க்கையில் நான் உன்னை அடித்தது அது ஒன்றுதான். எதற்கு அடித்தேன் என்று உனக்கு இன்றுவரை தெரியாது. ஆறு வயதுப் பிள்ளை நீ, ஒரு செத்த மனிதனுக்காக அடி வாங்கினாய். என்னை மன்னித்துவிடு கண்ணா. நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் நின்றாள். "முப்பத்தஞ்சு வருஷமா ஒரு செத்தவன் பேரைச் சொல்லியா என் புள்ளைய நான் கொஞ்சியிருக்கேன்?" என்று கேட்டாள். இன்று காலைவரை என்னோடு பேசவில்லை, காபியை மட்டும் டங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள்.

போன மாதம் நீ, "பையனா இருந்தா நம்ம வழக்கப்படி பெரியவங்க பேரு ஒண்ணு சொல்லுங்கப்பா" என்று கேட்டாயே, நக்கோ, வேண்டாம். நம் வழக்கம் என்று ஒன்றும் இல்லை, நான் அவிழ்த்துவிட்ட கதை அது. நீயும் நித்யாவும் உட்கார்ந்து, உங்கள் வாய்க்கு இனிப்பாக இருக்கிற பெயராக ஒன்று வையுங்கள். பெற்றவன் சுமையைப் பிள்ளை தலையில் பெயராக ஏற்றக்கூடாது. இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நித்யா கூப்பிட்டாலும் நான் கூப்பிட்டாலும் "ரெண்டு நிமிஷம், மீட்டிங்ல இருக்கேன்" என்பது உன் வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தை. கச்சிபௌலி ஆபீஸ்களில் எல்லார் வாயிலும் அதுதான், ஹவ், ஆமாம், எனக்குத் தெரியும். அந்த இரண்டு நிமிஷமும் என்னுடைய நாலு நிமிஷமும் ஒரே சாதி. பிரசவ நாள் நெருங்குகிறது. அவள் கூப்பிட்டால் பாட்டு நடுவிலும் எழுந்து போ.

இனி அந்தப் போட்டோ. வியாழன் ராத்திரி வாட்ஸப்பில் அனுப்பி, "என் பேருக்குக் கீழ என்னப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டாய். 'வெளியே வரவும்' என்று பதில் போட்டேன். அது முழு உண்மை இல்லை. உன் அம்மாவின் கண்ணாடியையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து என்னுடையதுதான். உன் ஸ்கூல் நோட்டு லேபிளில் எல்லாம் எழுதுவேனே, காலை நீட்டி இழுத்த அதே 'யா', வாலைச் சுழித்த அதே 'ள'. நான் துடைத்தழித்த ஸ்லைடு, தொட்டால் போகிற கரி, அத்தனை வருஷத் தூசியில் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. அதையாவது வேறு ஏதோ கண்ணாடி, நான் மறந்துபோய் எழுதின இன்னொன்று என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் நான் எழுதினது இரண்டு வரி. இதில் மூன்று வரி இருக்கிறது. தயாளன். வெளியே வரவும். அதற்குக் கீழே, இடமே இல்லாத இடத்தில், நெருக்கி, என் கையெழுத்தில், நான் எழுதாத ஒரு சொல். உடனே.

நித்யா, உனக்குப் படிக்கத் தெரியுமே, நீயே அந்தப் போட்டோவை எடுத்துப் பார்.

தயாளா, உனக்கு அந்தச் சொல்லைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நீ உடனே வெளியே வந்தாய். அவள் கூப்பிட்டது யாரை, அன்றைய தயாளனையா, அந்தப் பெயரை நான் யாருக்கு வைக்கப்போகிறேன் என்று தெரிந்துகொண்டு உன்னையா, எனக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அந்த ஸ்லைடு 'வெளியே வா' என்றுதான் சொல்கிறது. அதை எடுக்க உள்ளே போவது போன்ற மடத்தனம் உலகத்தில் இல்லை. அது அங்கேயே இருக்கட்டும், கட்டடத்தோடு போகட்டும். உன் வேலை கெடும் என்றால் கெடட்டும், வேறு ஆளைக் கூட்டி, மேலே போகாமல் வெளியிலிருந்தே பார்த்து எழுதிக்கொடு. இதற்கும் நீ சிரிப்பாய், எனக்குத் தெரியும். அதனால் திங்கட்கிழமை காலை மல்காஜ்கிரியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து கமானுக்கு எதிரே நான் நிற்பேன். முட்டி வலிக்கட்டும், ஊர் சிரிக்கட்டும். நீ உள்ளே போயிருந்தால் உன் பெயரைச் சொல்லிக் கத்துவேன். இந்த முறை ஒரு பாட்டுக்கும் காத்திருக்க மாட்டேன்.

அப்பா